அசிட்ரெட்டின் 25 மி.கி. எங்காவது கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்குப் பிறவியிலேயே இக்தியோசிஸ். உடம்பு முழுக்கத் தோல் தடித்து, செதில் செதிலாக உரியும். அசிட்ரெட்டின் கேப்சூல் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தான். மூன்று வாரமாக எங்கு கேட்டாலும் ஸ்டாக் இல்லை. குதிகால் வெடித்து, சாக்ஸைக் கழற்றும்போது ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு கடையில் ஐசோட்ரெட்டினாயினை நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றில்லை. இரண்டும் வைட்டமின் ஏ-யைச் சேர்ந்தவைதான். ஆனால் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சாப்பிடக் கூடாது.

10 மி.கி. கிடைத்தாலும் சரி, அதற்கேற்ப எழுதித் தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். நியோடிகாசன், சோரியாடேன் என்ற பெயர்களிலும் இது வரும். உங்களுக்குத் தெரிந்த மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரி பார்மசியிலோ இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது.

அப்புறம், வீட்டில் மிச்சம் இருந்தால் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், முக்கியமாகப் பெண்களுக்கு. நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் வரை கருத்தரிக்கக் கூடாத மருந்து இது.

இதே நோய்க்கு, இந்த மருந்து கிடைக்காத நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.