இன்லே ஏரிப் பயணத்துக்கு லைஃப் ஜாக்கெட் இரவல் கிடைக்குமா?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மியான்மரின் யாங்கூனில் எங்கள் தமிழ்ச் சபை வாலிபர்கள் 14 பேர், ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் ஷான் மாநிலத்து இன்லே ஏரிக்கரையில் ஐந்து நாள் முகாம் போட்டு ஊழியம் செய்யப் போகிறோம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அங்கே தண்ணீரில் கால் நட்டுக் கட்டிய வீடுகள் பல சரிந்துவிட்டன. மூங்கில் சுமப்பது, பலகை அடிப்பது, எந்த வேலையானாலும் பிள்ளைகள் தயார். ஆனால் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அந்தக் கவலையில் எனக்குத் தூக்கமே இல்லை. லைஃப் ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு இரவல் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். கோடையில் தண்ணீர் குறைந்து கால்வாய்களில் படகு தரைதட்டும். அதனால் ஏரிக்குப் படகு ஏறும் ஊரான ஞாங்ஷ்வேயில் வழி நன்றாகத் தெரிந்த படகுக்காரர் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், நர்ஸ் அக்கா யாராவது கூட வந்தால் பெற்றோர் நிம்மதியாக அனுப்புவார்கள்.