சாமத்திய வீட்டுப் படத்துக்குப் பூஸ்ட் போட ஆர் சம்மதம் தந்தது?

உவர்மலை மாமன்:
அக்காவின் மகளுக்குப் போன மாதம் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. திருகோணமலை டவுனில் ஒரு ஸ்டூடியோவைப் பிடித்துத்தான் படம் எடுத்தோம். வேலையில் குறை சொல்ல மாட்டேன். போன வெள்ளி டியூசன் முடிந்து வந்த பிள்ளை, பையைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். கூடப் படிக்கிற பெடியன் ஒருத்தன் தாயின் போனில், பேஸ்புக்கில் வந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குறூப்பில் போட்டிருக்கிறான். மேலே ஸ்டூடியோவின் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஸ்பொன்சர்ட்', அதாவது காசு கட்டிப் 'பூஸ்ட்' போட்ட விளம்பரம், நடுவில் ஆரத்தித் தட்டுக்கு முன்னால் தலை குனிந்தபடி எங்கள் பிள்ளை. "முற்பதிவுக்கு 20 வீதக் கழிவு" என்று அவளின் நெற்றிக்கு மேலேயே அடித்திருக்கிறார்கள்.

நேரே போய்க் கேட்டேன். பில்லைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கம், ஏழாவது வரி: படங்களை விளம்பரத்துக்குப் பாவிப்போம். அத்தான் கையெழுத்து வைத்தது முன்பக்கத்தில். இதுக்குப் பெயர் சம்மதமா?

நிலாவெளி விடுதிக்காரன்:
மாமன், பிள்ளை அழுதது எனக்கும் கவலைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வாசலில் கட்அவுட் வைத்தீர்களா இல்லையா? ட்ரோன் விட்டீர்களா இல்லையா? ஊருக்குத் தெரியட்டும் என்றுதானே செய்கிற சடங்கு அது. அதே முகம் பேஸ்புக்கில் வந்தால் மட்டும் அந்தரங்கம் போய்விட்டதா? எனக்கு ஆறு அறை. ஏப்ரலில் தொடங்குகிற சீசன் செப்டெம்பரோடு முடிந்துவிடும். புறாத்தீவு பார்க்க வருகிற கொழும்புக் குடும்பத்தின் கண்ணில் பட எனக்குப் பூஸ்டை விட்டால் வேறு வழியில்லை. பெரிய ஹோட்டல்காரன் டிவியில் போடுவான். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கு என்றால் முதலில் கடையைப் பூட்டுகிறது நாங்கள்தான்.

உவர்மலை மாமன்:
கட்அவுட் வைத்தோம். மண்டப வாசலில், ஒரு நாள். அடுத்த நாள் காலையில் நானே கழற்றினேன்.

சும்மா பார்க்க வந்தவன்:
ஸ்டூடியோ பெயரைச் சொல்லுங்கோ, எல்லாருமாய்ப் போய் ரிப்போர்ட் அடிப்பம்.

உவர்மலை மாமன்:
வேண்டாம் தம்பி. பெயரைப் போட்டால் நாளைக்கு நூறு பேர் அந்தப் படத்தைத் தேடிப் போவார்கள்.

பூஸ்ட் தம்பி:
கடைகளுக்குப் பேஸ்புக் விளம்பரம் செய்து கொடுக்கிறதுதான் என் பிழைப்பு. ஆகவே என்னை இரண்டு பக்கமும் ஏசலாம். மாமன், அந்தப் பெடியனின் தாயிடம் சொல்லி, விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏன் அவவுக்கு வந்தது என்று காட்டும். நான் செய்திருந்தால் வரைபடத்தில் டவுனைக் குறித்து, சுற்றிவரப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர், 30 தொடக்கம் 50 வயதுப் பெண்கள் என்று போட்டிருப்பேன். எந்த ஸ்டூடியோ என்று முடிவெடுக்கிறது அம்மாமார்தானே. உவர்மலை, பாலையூற்று, உப்புவெளி அம்மாமார் என்றால் பிள்ளையின் டீச்சரும், சிநேகிதிகளின் தாய்மாரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். கண்டியில் ஆயிரம் பேர் பார்த்தால் அது ஆரோ ஒரு பிள்ளை. இங்கே பத்துப் பேர் பார்த்தாலே இன்னாரின் மகள். விடுதிக்கார அண்ணை, உங்கள் அறையின் படத்துக்கு இந்தக் கரைச்சல் இல்லை. கட்டில் வகுப்புக்குப் போகிறதில்லை.

சட்டம் படிச்சவள்:
'எங்கேயோ சின்ன எழுத்தில் இருக்கிறது, ஆகவே சம்மதம்' என்ற கதையைப் பேஸ்புக்கே சொல்லி மாட்டுப்பட்டிருக்கிறது. 2011 இல் 'ஸ்பொன்சர்ட் ஸ்டோரீஸ்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நீங்கள் ஒரு கம்பனியின் பக்கத்துக்கு லைக் போட்டால் உங்கள் பெயரும் படமும் அந்தக் கம்பனியின் விளம்பரமாக உங்கள் நண்பர்களுக்குப் போகும். கேட்கவும் மாட்டார்கள், ஐந்து சதம் தரவும் மாட்டார்கள். அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2013 இல் 2 கோடி டொலர் கொடுத்துத்தான் அதைத் தீர்த்தார்கள். அந்த வழக்கிலும் பராயமடையாத பிள்ளைகளின் விசயம் இருந்தது.

பிறகு ஐரோப்பாவில், ஆளை அறிந்து விளம்பரம் காட்டுகிறதைச் சேவை நிபந்தனைக்குள் ஒளித்துவைத்து 'அது ஒப்பந்தம்' என்றார்கள். அது செல்லாது என்று 2023 ஜனவரியில் அயர்லாந்துத் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 39 கோடி யூரோ தண்டம் போட்டது. அந்த நிபந்தனைப் பக்கமும் உங்கள் பில்லின் பின்பக்கமும் ஒரே ரகம். எங்கள் நாட்டிலும் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நோய், மதம் பற்றிய தரவுகளோடு பிள்ளைகள் பற்றிய தரவையும் அதில் விசேட வகைக்குள் வைத்திருக்கிறார்கள்.

நிலாவெளி விடுதிக்காரன்:
இருக்கிறது தங்கச்சி, ஏட்டில். 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் என்றார்கள், பிறகு தள்ளிப் போட்டார்கள். ஐரோப்பாவிலும் 2023 நவம்பரில் என்ன நடந்தது? விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 9.99 யூரோ கட்டு என்றார்கள். காசு உள்ளவனுக்கு அந்தரங்கம், இல்லாதவனுக்கு விளம்பரம். உங்கள் சம்மதம் கடைசியில் அங்கேதான் போய் முட்டும். இங்கே மாதம் மூவாயிரத்துச் சொச்சம் கட்ட எத்தனை பேர் வருவார்கள்?

சட்டம் படிச்சவள்:
அதுக்கும் 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணைக்குழு 20 கோடி யூரோ தண்டம் போட்டது அண்ணை. ஆனால் காசு பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பூஸ்ட் தம்பி:
சீசன் முடிய, ரெஜிஸ்டர் புத்தகத்தில் இருந்த போன் நம்பர் எல்லாவற்றையும் தந்து பேஸ்புக்கில் ஏற்றச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நம்பர்கள் குறியீடாக மாறித்தான் போகும். ஆனால் பேஸ்புக் தன்னிடம் உள்ளவற்றோடு பொருத்திப் பார்த்து, அதே ஆட்களைப் பிடித்து விளம்பரம் காட்டும். ஆர் என்று சொல்ல மாட்டேன்.

நிலாவெளி விடுதிக்காரன்:
சொல்லாமலே விளங்கிப்போச்சு, நான்தான். அறைத் திறப்பு வாங்கேக்க எழுதின நம்பர்தான். அதுக்கென்ன? பழைய ஆட்களுக்குக் கழிவு கொடுத்தேன், ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஒரே ஒருத்தர் மட்டும் போன் எடுத்து ஏசினார். அவரும் மனுசியும் ஒரே டெப்லெட்டாம், "மீண்டும் வாருங்கள்" என்று என் விளம்பரம் அதில் வந்ததாம். அவர் நிலாவெளிக்கு வந்தது மனுசிக்குத் தெரியாதாம். அந்த நம்பரை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

மூதூர்க்காரி:
ஒருத்தரின் நம்பரை எடுத்தீர்கள், மற்ற ஆட்கள் போன் எடுக்காததால் சம்மதமா? சரி, அது உங்கள் பாடு. எனக்கு மாமனிடம்தான் கேள்வி. பில்லின் முன்பக்கமோ பின்பக்கமோ, அத்தான் கையெழுத்து வைத்தது அவளின் முகத்துக்கு. ட்ரோனுக்கு, கட்அவுட்டுக்கு, அந்த ஆரத்திப் படத்துக்கு அவளிடம் ஆராவது ஒரு சொல் கேட்டீர்களா? என்னுடைய சாமத்திய வீட்டில் படம் பிடித்தவர் "நாடியைத் தூக்கு, சிரி" என்று ஊருக்கு முன்னால் சொல்லிக்கொண்டே நின்றார். அந்த அல்பம் இப்பவும் அம்மாவின் அலுமாரியில், சீலைகளுக்கு அடியில்.

உவர்மலை மாமன்:
இரண்டு நாளாய்ப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள், குறூப்பில் போனதை ஒன்றும் செய்ய ஏலாது. மூதூர்த் தங்கச்சி, நாங்கள் கேட்கவில்லை. அப்படி ஒன்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அல்பத்துக்குத் தெரிவு செய்ய ஸ்டூடியோ தந்த படங்களை நேற்று அவளிடமே கொடுத்தேன். அத்தான் தெரிவு செய்து வைத்ததில் பாதியை வெட்டிவிட்டாள். நான் தேங்காய் உடைக்கிற படமும் போய்விட்டது. ஏன் என்று கேட்டேன். பின்னால் தான் நிற்கிறாளாம், கண் மூடியிருக்கிறதாம்.