எடை குறைத்த பிறகு வண்டியின் பின்பக்கம் அலைகிறது (சிட்டி வி-டெக்): உதவி தேவை

பாளை வி-டெக்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2001 ஹோண்டா சிட்டி, 1.5 வி-டெக், 106 குதிரைத்திறன். வீட்டுக்கு வேறு கார் வந்துவிட்டது. இதை விற்க மனசு வரவில்லை. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி கார் பந்தய டிராக்கில் வருஷத்துக்கு இரண்டு தடவை ஓட்டலாம் என்று எடை குறைக்கத் தொடங்கினேன்.

கழற்றியதை எல்லாம் மாமாவின் வாழைக்காய் மண்டித் தராசில் வைத்து எழுதி வைத்திருக்கிறேன். பின் சீட் 20 கிலோ. ஸ்டெப்னியும் ஜாக்கியும் 16. டிக்கியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர் 18. சத்தம் குறைக்கத் தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட் 8 (சுரண்டி எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று, இன்னும் நகத்துக்குள் கறுப்பு இருக்கிறது). கார்ப்பெட் 6. இடதுபக்க முன் சீட் 12. பின் சைலன்சரை மாற்றியதில் 5. மொத்தம் 85 கிலோ. எடை மேடையிலும் முன்பு 1040 காட்டியது, இப்போது 955. இரண்டு தடவையும் பாதி டேங்க் பெட்ரோல், ஆள் இறங்கி நின்று போட்ட எடை.

வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது. ஆனால் போன வாரம் கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு வளைவில் எதிரே பால் வண்டி வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போயிற்று. நேர் ரோட்டில் அழுத்திப் பிரேக் பிடித்தாலும் வால் இடமும் வலமும் அலைகிறது. முன்பு இந்த வண்டி வளைவில் நேரே போகத்தான் பார்க்கும், பின்னால் ஒரு நாளும் வழுக்கியதில்லை.

கேட்ட இடத்தில் ஒருவர் டிக்கியில் மணல் மூட்டை போடச் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை சுரண்டிவிட்டு மணல் மூட்டையா?

தச்சை எக்ஸ்பிரஸ்:

சிட்டி எப்போதிருந்து ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்று என்று கேட்க வந்தேன். பால் வண்டி என்றதும் சிரிப்பு போய்விட்டது. சரிசெய்யும்வரை அந்தப் பக்கம் ஓட்டாதீர்கள்.

பீளமேடு பிட்:

கோவையிலிருந்து எழுதுகிறேன், அந்த டிராக்கில் கொஞ்சம் ஓட்டியிருக்கிறேன். உங்கள் பட்டியலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். சீட், ஸ்டெப்னி, ஸ்பீக்கர், சைலன்சர். கழற்ற எளிதானதை எல்லாம் கழற்றியிருக்கிறீர்கள், அது ஏறக்குறைய எல்லாமே பின்னால் இருந்தது. பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு போல்ட்டாவது வெளியே வந்ததா?

ஸ்டெப்னியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அது பின் அச்சுக்கும் பின்னால் கிடக்கிறது. தராசு தட்டுக்கு வெளியே தொங்கும் எடை மாதிரி. உங்கள் வண்டியின் இரண்டு அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். ஸ்டெப்னி பின் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 16 கிலோவை எடுத்ததும் பின் சக்கரங்களில் 20 கிலோ போல குறையும், முன் சக்கரங்களில் 4 கிலோ ஏறும். ஸ்பீக்கர் பெட்டிக்கும் இதே கணக்குதான்.

மொத்த எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே எடை மேடைக்குப் போய் முன் சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்.

வள்ளியூர் காத்து:

என்னிடமும் இதே வண்டி இருக்கிறது, ஒன்றும் கழற்றாதது, ஸ்டெப்னியோடு. காற்றாலை வேலைக்குச் சாமான் எடை போடும் இடத்தில் நேற்று நானும் ஏற்றிப் பார்த்தேன், எனக்கும் ஆசைதான். மொத்தம் 1045. முன் அச்சு 635. ஐந்து ஐந்து கிலோவாகத்தான் காட்டும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை வி-டெக்:

போய் வந்தேன். பேட்டையில் அரிசி ஆலைக்கு வரிசையாக நெல் லாரி நிற்கிறது, நடுவில் என் வண்டி. மேடைக்காரர் "என்ன லோடு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு எடை?" என்று கேட்டுக்கொண்டே சீட்டு அடித்தார். சரக்கு என்ற இடத்தில் "காலி" என்று போட்டிருக்கிறது. முன் அச்சு மட்டும் 625. அப்படியானால் பின்னால் வெறும் 330.

பீளமேடு பிட்:

இப்போது வள்ளியூர் நண்பரின் வண்டியோடு வைத்துப் பாருங்கள். அவருக்கு முன்னால் 635, பின்னால் 410. உங்களுக்கு முன்னால் 625, பின்னால் 330. குறைந்த 90 கிலோவில் 80 பின்னாலிருந்து போயிருக்கிறது. முன்பக்கம் 61 சதவீதம் சுமந்த வண்டி இப்போது 65 சதவீதம் சுமக்கிறது.

"முன்பக்கம் கனத்தால் வண்டி இன்னும் நேரேதானே போக வேண்டும், ஏன் பின்னால் வழுக்குகிறது?" என்று கேட்பீர்கள். நிதானமாகப் போகும்போது நேரேதான் போகும். ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் சாய்கிறது. பின்னால் ஏற்கெனவே இருப்பது 330 தான், அதிலும் ஒரு பங்கு போய்விட்டால் டயருக்குத் தரையைப் பிடிக்க என்ன மிச்சம்? பிரேக் விஷயம் இன்னும் மோசம். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று தொழிற்சாலையில் பிரித்துவைத்தது 410 கிலோ பின்பக்கத்துக்கு. இப்போது பின் சக்கரம் முதலில் லாக் ஆகிறது. முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி நேரே சறுக்கும், பின் சக்கரம் லாக் ஆனால் சுற்றிவிடும்.

பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு கிடைக்கிறது என்று உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். முன் சக்கர இயக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும்: வலது முன்னும் இடது பின்னும் ஒரு லைன், மற்ற இரண்டும் இன்னொரு லைன். ஒரு வால்வை ஒரு பக்கம் மட்டும் செருகினால் இன்னும் கோணலாகும்.

முதலில் பேட்டரியைப் பின்னால் கொண்டுபோங்கள். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இல் தொழிற்சாலையிலிருந்தே பேட்டரி டிக்கியில்தான். அவர்கள் ஒவ்வொரு கிலோவையும் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்தார்கள், நாம் எதைக் கழற்றலாம் என்று மட்டும் பார்க்கிறோம். அப்புறம் ஏசி. கம்ப்ரசர், கண்டென்சர் எல்லாம் முன் அச்சை ஒட்டியும் அதற்கு முன்னாலும் இருக்கிறது. எடுத்தால் முழுப் பலனும் முன்பக்கத்தில்.

தச்சை எக்ஸ்பிரஸ்:

ஏசியைக் கழற்றவா? கோயம்புத்தூர்க்காரர் சொல்லுவார். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் சிக்னலில் நின்று பாருங்கள், அப்புறம் இதே அறிவுரையைச் சொல்லுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:

தம்பி, கணக்கெல்லாம் சரிதான். ஆனா எண்பது கிலோ குறைஞ்சதுக்கு மட்டும் இந்த ஆட்டம் ஆடாது. நான் முப்பது வருஷமா வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கிறவன். மூணு விஷயம் பார்த்துட்டு வந்து சொல்லு.

பின் டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஓவல் கட்டத்துக்குள்ள இருக்கும். என்ன போட்டிருக்கு? பின் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர், முன்னால எத்தனை? மூணாவது, பின் ஸ்பிரிங்கை டார்ச் அடிச்சுப் பாரு, சுருளுக்கு நடுவுல ஏதாச்சும் இருக்கா?

பாளை வி-டெக்:

அண்ணாச்சி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. ரப்பர் இருக்கிறது! நானே மறந்துவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் குற்றாலம் சீசனுக்குக் குடும்பத்தோடு ஐந்து பேர், சாப்பாட்டுத் தூக்கு, மாற்றுத்துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனபோது வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டியது. அப்போது டவுனில் ஒரு கடையில் பின் ஸ்பிரிங் சுருளுக்குள் பஃபர் ரப்பர் செருகிவிட்டார்கள். அப்படியே கிடக்கிறது, மண் அப்பி ஸ்பிரிங் நிறத்துக்கே மாறியிருக்கிறது.

பின்பக்கம் முன்பக்கத்தைவிட மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. பின் டயரில் 1618. முன் டயர் இரண்டும் போன வருஷம் புதுசாகப் போட்டது.

பேட்டை அண்ணாச்சி:

1618ன்னா 2018ஆம் வருஷம் பதினாறாவது வாரம். கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கும், நகத்தால அழுத்திப் பாரு. புது டயரை முன்னால போட்டு, பழசைப் பின்னால தள்ளிவிடுறது எல்லாரும் செய்யுற தப்பு. நல்ல ஜோடி பின்னாலதான் இருக்கணும், முன்சக்கரம் இழுக்குற வண்டிக்கும் அப்படித்தான்.

ரப்பரை இன்னைக்கே உருவிடு. ஐந்து பேருக்குப் போட்ட ரப்பர், இப்போ பின்னால ஒரு ஆளுக்குச் சீட்டுகூடக் கிடையாது. ரப்பர் செருகின இடத்துல சுருள் வேலை செய்யாது, அதனால ஸ்பிரிங் கெட்டியாயிடுது. வளைவுல சாயுறப்போ அந்தக் கெட்டிப் பக்கம்தான் பாரம் முழுக்க ஒரே டயர்ல ஏத்துது, உள்பக்க டயர் சும்மா காத்துல மிதக்கும். அப்புறம் வழுக்காம என்ன செய்யும்?

பீளமேடு பிட்:

அண்ணாச்சிக்கு ஒரு சல்யூட். பாதி வியாதி அங்கேதான் இருந்திருக்கிறது. நான் எடைக் கணக்கிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ரப்பரை எடுத்து உயரம் இறங்கியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள், பின் சக்கரத்துக்கும் சேர்த்து. பல கடைகளில் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் காசு வாங்கிவிடுவார்கள். பின் சக்கரங்கள் வெளியே பார்த்துக் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் பிரேக்கில் இதே அலைச்சல் வரும்.

பேட்டரி மாற்றும்போது திறந்த ஆசிட் பேட்டரியை உள்ளே வைக்கவே கூடாது. மூடிய வகை வாங்கி, வாயு வெளியேறும் குழாயைத் தரை வழியாக வெளியே விடுங்கள். இடதுபக்கம் வையுங்கள், ஓட்டுகிறவர் எடை வலதுபக்கம் இருக்கிறது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். அது உரசித் தகட்டில் பட்டால் நெருப்புதான்.

கிழக்கு ரத வீதி:

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பின் சீட்டை எடுத்த வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு எப்.சி.க்குப் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், விபத்து என்றால் இன்சூரன்ஸும் கையை விரிக்கும். ரோட்டுக்குச் சீட்டோடு வாருங்கள். கரி டிராக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கழற்றுங்கள், நாலு போல்ட்தானே.

பாளை வி-டெக்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தினமும் ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எதனால் எது சரியாயிற்று என்று தெரிய வேண்டும் அல்லவா.

பார்த்த இடம் மூலைக்கரைப்பட்டிப் பக்கம். நண்பர் ஒருவர் பிளாட் போட்டு, தார் ரோடு எல்லாம் போட்டு, ஒன்றுகூட விற்காமல் கிடக்கிறது. பழைய பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்து வளைவு மாதிரி வைத்துக்கொண்டோம். முதல் நாள் ஒன்றும் மாற்றாமல் அதே வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டேன், மூன்று வாளி பறந்தது.

ரப்பரை உருவியதும் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. பாதி ஆட்டம் அதிலேயே நின்றுவிட்டது. டயரை மாற்றிப் போட்டதில் பிரேக் அலைச்சல் ஏறக்குறைய போய்விட்டது. பழைய டயர் முன்னால் வந்ததால் இப்போது வளைவில் முன்பக்கம் சீக்கிரம் வழுக்குகிறது, அது பயமாக இல்லை. அடுத்த மாதம் அந்த ஜோடியையும் மாற்றிவிடுவேன். அலைன்மென்டில் இடது பின் சக்கரம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது, சரிசெய்தாயிற்று. அது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

12 கிலோ பேட்டரியை எடுத்துவிட்டு 10 கிலோ மூடிய பேட்டரியைப் பின் சீட் இருந்த இடத்தில், இடதுபக்கம் பெட்டிக்குள் வைத்தேன். பின் சீட் போல்ட் துளைக்கு இடம் விட்டே வைத்திருக்கிறேன், கிழக்கு ரத வீதி அண்ணன் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. எடை மேடையில் முன்னால் 615, பின்னால் 340. அவ்வளவு வேலைக்கு அவ்வளவுதான் நகர்ந்தது. பிறகு ஒரு யோசனை வந்து ஸ்டெப்னியைத் திரும்ப அதன் குழியில் வைத்து ஏற்றினேன். 610, 360. மேடைக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே "காலி" என்று அடித்துவிட்டார்.

ஸ்டெப்னியோடு 970 கிலோவில் அதே வாளிகளுக்கு நடுவே போனேன். ஒரு வாளிகூட விழவில்லை. 955இல் மூன்று விழுந்ததை நினைத்துக்கொண்டேன். ஸ்டெப்னி உள்ளேயே இருக்கட்டும்.

ஏசியைக் கழற்றவில்லை. தச்சை அண்ணனுக்கு நன்றி.

பேட்டை அண்ணாச்சி:

அந்த ரப்பர் ரெண்டையும் தூரப் போட்டிராதே தம்பி. குற்றாலம் சீசனுக்கு வீட்டு வண்டி அடி தட்டும்.