டாக்ஸ் ரீஃபண்ட் மெயில்ல எல்லாத்தையும் போட்டுட்டேன், யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

குளிர்ல_நடுங்கி:
டாக்ஸ் ரீஃபண்ட் இருக்குன்னு மெயில். எமர்ஜென்சி டாக்ஸ் கோட்னு ஒரு தற்காலிகக் கோட் போட்டுச் சம்பளத்துல கூடுதலா பிடிச்சிருந்தாங்க, அதனால சந்தேகமே வரல. லிங்க்ல போய் எல்லாத்தையும் போட்டுட்டேன். வீட்டுக்காரர் டியூட்டில இருக்கார், போன் எடுக்கல. என்ன பண்றது?

ஸ்கார்பரோ_அண்ணை:
தங்கச்சி, சிஆர்ஏ, அதுதான் இஞ்ச கனடா டாக்ஸ் ஒஃபிஸ், ஒருநாளும் ஈ-டிரான்ஸ்ஃபரில ரீஃபண்ட் அனுப்பாது. செக் வரும், இல்லாட்டி டைரக்ட் டெபாசிட். சின் நம்பர், உங்கட அரசாங்க அடையாள நம்பர், குடுத்தனீங்களோ? நாங்கள் வந்த காலத்தில உதுகள் ஒண்டும் இல்லை. பேஸ்மென்ட்டில ஆறு பேர், ஹீட்டர் வேலை செய்யாது, விடியக்காலமை ஸ்னோவுக்க பஸ்ஸுக்கு நிக்கோணும்.

மில்டன்கீன்ஸ்_மாமா:
அண்ணே, அவங்க எந்த நாடுன்னே சொல்லல. எமர்ஜென்சி கோட்னா யூகேவாத்தான் இருக்கும். பதறாதீங்கம்மா, மெயிலை டெலீட் பண்ணிட்டுத் தூங்குங்க.

பேரு_வேணாம்:
டெலீட் பண்ணச் சொல்லாதீங்க சார்! "எல்லாத்தையும்"னா என்னென்ன?

மில்டன்கீன்ஸ்_மாமா:
வாடகைக்கு வீடு பார்த்தாலே பாஸ்போர்ட் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட்டுன்னு ஏஜென்ட்டுக்கு மெயில்ல அனுப்பியாகணும். நம்ம விவரம் எங்க சுத்துதோ!

ஸ்கார்பரோ_அண்ணை:
இஞ்சையும் உதேதான். கடையில லக்கி டிரா எண்டு பேர், நம்பர் எல்லாம் எழுதி வாங்குறாங்கள்.

குளிர்ல_நடுங்கி:
யூகேதான், ஸாரி. டெபிட் கார்டு நம்பர், பின்னாடி இருக்கற மூணு நம்பர், பிறந்த தேதி.

பேரு_வேணாம்:
முதல்ல பேங்க் ஆப்ல கார்டை ஃப்ரீஸ் பண்ணுங்க. அப்புறம் 159 அடிங்க, பெரிய பேங்க் பெரும்பாலானதுக்கு அதுலயே கனெக்ட் பண்ணுவாங்க. அனுப்புனவர் பேர் ஹெச்எம்ஆர்சின்னுதான் (யூகே டாக்ஸ் ஆபீஸ்) இருக்கும். அதைத் தொட்டா முழு அட்ரஸ் வரும். கடைசியில ஜிஓவி டாட் யூகே இருக்கணும், நடுவுல இருந்தா கணக்கில்ல. மெயிலை 'ரிப்போர்ட் அட் ஃபிஷிங் டாட் ஜிஓவி டாட் யூகே'க்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, எஸ்எம்எஸ்னா 7726. ரீஃபண்ட் நிஜமாவே இருந்தா ஹெச்எம்ஆர்சி ஆப்லயே தெரியும்.

முக்கியமானது இனிமேத்தான். ரெண்டு மூணு நாள்ல "பேங்க் ஃப்ராடு டீம்"னு போன் வரலாம். உங்க பிறந்த தேதியை அவனே சொல்லுவான், அதான் நீங்க குடுத்தாச்சே. காசை "சேஃப் அக்கவுண்ட்"டுக்கு மாத்தச் சொல்லுவான். கட் பண்ணிட்டு நீங்களா 159 அடிங்க.

குளிர்ல_நடுங்கி:
ஃப்ரீஸ் பண்ணிட்டேன், 159ல ஹோல்டுல இருக்கேன். இது ஜாயின்ட் அக்கவுண்ட், அவர் கார்டும் போயிடுமா?

பேரு_வேணாம்:
அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! அவர் கார்டு நம்பர் வேற, அது தனி. ஆனா ஜாயின்ட்டுன்னு லைன்ல வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க. அவருக்கும் இப்பவே மெசேஜ் போடுங்க, அந்தப் போன் அவருக்கும் வரலாம்.