உதவி: பிரெஞ்சு அலமாரியில் ஜே.எம்.ஈ. முத்திரை, எந்தத் தச்சர்?

பாரிஸ்வாசி
வணக்கம், கொஞ்சம் அவசரம். இங்கே ஒரு வீட்டைக் காலி செய்தபோது பழைய இழுப்பறை அலமாரி ஒன்று வாங்கினேன். கொமோட் என்பார்கள். அதில் ஜே.எம்.ஈ. என்று அடித்திருக்கிறது. இது எந்தத் தச்சர்? சனிக்கிழமை ஒருவர் விலை பேச வருகிறார்.

தேக்குமரம்
படம் எங்கே தம்பி? முத்திரை எந்த இடத்தில்? மேலே பளிங்கா, மரமா? உள்மரம் என்ன?

சுத்தியல்
முதலில் பித்தளைக் கைப்பிடியைப் பாருங்கள். கிரீடம் வைத்த சின்ன 'சி' இருந்தால் 1745-49 காலத்து வேலை. செம்பு கலந்த உலோகத்துக்கு அப்போது வரி போட்டார்கள், அதற்கான குறி அது. இதைவிட உறுதியான சான்று கிடையாது.

தேக்குமரம்
அது கைப்பிடியின் வயது, அலமாரியின் வயது இல்லை. கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பழைய பித்தளையை அச்செடுத்து வார்த்தால் 'சி'யும் கூடவே விழும்.

ஆவணப்பெட்டி
இதே கேள்வி மறுபடியுமா? கேட்கும் முன் பழைய இழைகளைப் படித்திருக்கலாம். ஜே.எம்.ஈ. ஆள் பெயரே இல்லை. பாரிஸ் தச்சர் சங்கத்தின் குறி. சங்கப் பொறுப்பாளர்கள் பட்டறைக்கு வந்து, வேலை சரியாக இருந்தால் அடிப்பார்கள். தச்சரின் சொந்த முத்திரை தனி. 1743 விதிமுறை அதைக் கட்டாயமாக்கியது, நடைமுறைக்கு வந்தது 1751இல். 1791இல் சங்கமே போய்விட்டது. பளிங்கைத் தூக்கி, முன்கால்களின் தலைப்பக்கம் பாருங்கள்.

வாசகி
முத்திரையே இல்லாவிட்டால் போலியா?

தேக்குமரம்
இல்லை அம்மா. அரசுப் பட்டறைகளில் வேலை செய்தவர்களைச் சங்க விதி கட்டுப்படுத்தவில்லை.

ஆவணப்பெட்டி
முத்திரை இல்லாததை ஒருவர் பெயரில் எழுதுவது ஊகம். பெயர் இருந்தால்தான் பேச்சு.

தேக்குமரம்
பெயர் இருந்தாலும் அவர் கை என்று சொல்ல முடியாது. ஓபென் என்ற பாரிஸ் தச்சர் 1763இல் இறந்தார், மனைவி பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். அங்கே ரீஸ்னர் என்ற தச்சர் செய்தவற்றிலும் ஓபென் பெயர்தான் விழுந்தது, 1768இல் ரீஸ்னருக்கே மாஸ்டர் பட்டம், அதாவது சொந்த முத்திரை அடிக்கும் சங்க உரிமை, கிடைக்கும் வரை. பழுது பார்த்தவரும் தன் முத்திரையை அடிப்பார். நான் பார்ப்பது இழுப்பறையின் அடிப்பலகையை. வட்ட ரம்பத்தின் வளைகோடு இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தைய வேலை, மேலே யார் பெயர் இருந்தாலும் சரி.

சுத்தியல்
அடிப்பலகையைப் பிற்காலத்தில் மாற்றியிருந்தால்? கைப்பிடிக்குச் சொன்ன நியாயம் இதற்கும்தானே அண்ணா.

தேக்குமரம்
அது சரி. ஒரு பலகையை வைத்து முடிவு செய்யக் கூடாது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

பாரிஸ்வாசி
தாமதத்துக்கு மன்னிக்கவும். நானும் தம்பியுமாகக் கல்லைத் தூக்கினோம். கூடு ஓக் மரம். இடது முன்கால் தலையில் ஜே.எம்.ஈ., பக்கத்தில் ஒரு பெயர். முன்பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. கடைசியில் எஸ் எஸ் ஈ எல் தெரிகிறது. வளைகோடு எதுவும் இல்லை.

ஆவணப்பெட்டி
பியர் ரூசெல் ஆக இருக்கலாம், 1745இல் மாஸ்டர் ஆனவர். ஆனால் நான்கு எழுத்தை வைத்து எழுதிக் கொடுக்க மாட்டேன். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். எழுத்துக்குள் இருக்கும் தூசியைச் சுரண்டாதீர்கள், சாக்பீஸும் பூசாதீர்கள்.

பாரிஸ்வாசி
சரி அண்ணா. சனிக்கிழமை வருபவரை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.