அப்டேட்: எல்க் (பெரிய மான் இனம்) வேட்டை, அமெரிக்காவுல கொலராடோ மாநில டேக் (வேட்டை அனுமதி) கிடைச்சிருச்சு
கொம்பு வேணாம், வீட்டுக்குக் கறி போதும், வெளி மாநிலத்துல எங்க போறதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, நீங்க சொன்ன மாதிரியே கொலராடோல பெட்டை எல்க்குக்கு ஏப்ரல்ல அப்ளை பண்ணேன், குலுக்கல்ல விழுந்திருச்சு, ரொம்ப சந்தோஷம்! அங்க 1949 ஜனவரி 1-லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்களுக்கு வேட்டைப் பயிற்சி கார்டு கட்டாயம், அத முதல்லயே முடிச்சிருங்க.

இப்ப என் கவலையெல்லாம் கறி கெடாம வீடு வரணும்ங்கிறதுதான். ஒரு பெட்டைல எலும்பு நீக்கி 60, 70 கிலோ தேறும், அத முதுகுல சுமந்து மலை இறங்கணும், அதனால ரோட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு மேல போறதில்லன்னு முடிவு. தோலை உடனே உரிச்சு, கறிய துணிப்பைல போட்டு நிழல்ல காத்தாட தொங்கவிட்டாத்தான் சூடு இறங்கும். தலையும் தண்டுவடமும் வீட்டுக்குக் கொண்டு வரல, தலைய கொலராடோலயே சிடபிள்யூடி (மான் இனத்தோட மூளையத் தாக்குற நோய்) டெஸ்டுக்குக் கொடுத்து ரிசல்ட் வந்தப்புறம்தான் சமையல், புள்ளைங்க சாப்பிடப் போறது.