விடிய விடிய ஆடிய கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கலாமா?

குளக்கட்டு (முல்லைத்தீவு மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிராமத்து நாடக மன்றம் கடைசியாக 2005 ஆம் ஆண்டு வைகாசியில், அம்மன் கோயில் பொங்கலை ஒட்டிக் காத்தவராயன் கூத்தை ஆடியது. அதன் பின்னர் இடப்பெயர்வு. மீள்குடியேறி வந்து பார்த்தபோது சனசமூக நிலையத்துக்குக் கூரையும் இல்லை, அதற்குள் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த உடுப்புகளும் கூத்துக் கொப்பியும் இல்லை. வீடு, கிணறு, வயல் என்று ஒவ்வொன்றாக மீட்டெடுக்கவே ஆண்டுகள் போய்விட்டன. கூத்தைப் பற்றிப் பேச எவருக்கும் வாய் வரவில்லை.

இந்த மாசியில் காலபோக அறுவடை முடிந்த கையோடு 14 பேர் கூடி மன்றத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறோம். எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு இப்போது 76 வயது. பாட்டுகளில் பெரும்பகுதி அவருடைய நினைவில் இருப்பதால், அவர் பாடப்பாடக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கொப்பியில் எழுதி, பிழை திருத்த அவரிடமே கொடுக்கிறோம். காத்தவராயனின் காதலி ஆரியமாலா வரும் பகுதியில் இரண்டு தருக்கள் (கூத்துப் பாட்டுகள்) மட்டும் அவருக்கு முழுமையாக வரவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இப்போது எவர் இரவு முழுவதும் இருந்து பார்ப்பார்கள், இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கினால்தான் சபை கலையாமல் இருக்கும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். காத்தான் (காத்தவராயன்) கழுமரத்தில் ஏறுவது கிழக்கு வெளுக்கும் நேரத்தில்தான், அதை ஒன்பது மணிக்கு ஏற்றுவதானால் தன்னை அழைக்க வேண்டாம் என்று அண்ணாவியார் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைப்பது கடினம் என்றும் சொல்கிறார்கள். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படித்த இரண்டு தங்கைமார் நடிக்க முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டார் இரவுப் பழக்கத்துக்கு (ஒத்திகைக்கு) அனுப்பத் தயங்குகிறார்கள். இப்படியான நிலையை வேறு மன்றங்கள் எவ்வாறு கையாண்டன என்பதை அறிய விரும்புகிறேன்.

பிற்பாட்டுக்காரன் எழுதியது:

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல், கூத்தர் பாடும் அடிகளைத் திரும்பப் பாடும் பிற்பாட்டுக்காரனாக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில், இந்தக் கூத்து உங்கள் ஊரில் நேர்த்திக்காக ஆடப்படுகிறதா, அல்லது கலைவிழாவுக்காக ஆடப்படுகிறதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாரியம்மனுக்கு நேர்ந்து ஆடுவதென்றால் அதில் கைவைக்க உங்களுக்கோ எனக்கோ அதிகாரமில்லை. ஊர் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். கலைவிழாவுக்கு என்றால் ஒரு பகுதியை எடுத்து ஆடுங்கள், அதில் எந்தக் குற்றமும் இல்லை. அரிச்சந்திரன் கதை முழுவதும் நீண்டது என்றாலும் யாழ்ப்பாணத்து இசைநாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தை எங்கள் பகுதிச் சனங்கள் அந்தக் காண்டத்துக்காகவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்.

எவரும் இருந்து பார்க்க மாட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்திலும் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்களா? பாயும் தலையணையும் கொண்டு வருவார்கள், பிள்ளைகள் பாலகாத்தானைப் பார்த்துவிட்டு உறங்கிவிடுவார்கள், ஆண்கள் நடுச்சாமத்தில் தேநீர்க் கடைப் பக்கம் போய்விடுவார்கள், கழுமரம் வரும்போது தாய்மார் எல்லோரையும் தட்டி எழுப்புவார்கள். கூத்து நீளமாக இருந்தது அதற்கும் சேர்த்துத்தான். ஆடுபவர்களுக்கும் அதே ஏற்பாடுதான்: சிறுவயதுக் காத்தான் முதல் கழுவேறும் காத்தான் வரை ஒரே பாத்திரத்தை மூன்று நான்கு பேர் பகிர்ந்து ஆடுவதால் ஒருவருடைய குரல் கட்டுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். உங்களிடம் 14 பேர்தான் என்றால், ஒருவருக்கு இரண்டு வேடம் கொடுப்பதைவிட, பாட்டுப் பழகுவதற்கு மட்டும் இன்னும் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கு அவர்கள்தான் உங்கள் கூத்தர்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், ஒலிவாங்கி இல்லாமல், சுற்றிவர இருந்துதான் பார்த்தார்கள். பத்து மணி வரை ஒலிபெருக்கியோடு ஆடுங்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு, சபையைக் கிட்ட அழைத்து இருத்தி, உடுக்கோடும் ஆர்மோனியத்தோடும் வெறும் குரலில் விடியும் வரை ஆடுங்கள். குரல் எடுபடாது என்று இளைஞர்கள் சொல்வார்கள். எடுபடும் வரை பழகட்டும்.

வவுனியா ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன், ஆனாலும் சுருக்குவதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1962 இல் கர்ணன் போர் என்ற கூத்தை மேடையேற்றியபோது, சுற்றிவர இருந்து பார்க்கும் களரியில் இரவு முழுவதும் ஆடிய மட்டக்களப்புக் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்பக் குறுக்கினார். ஆட்டத்தையும் பாட்டையும் வேகப்படுத்தி நேரத்தை மிச்சம் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றைக் களைந்தார். சுருக்குபவர்கள் பலரும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு போட்டிக்காகக் கோவலன் கூத்தை 30 நிமிடங்களுக்கு ஒடுக்கினோம். பிற்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடியையும் திரும்பப் பாடுவது வீண் நேரம் என்று எண்ணி அதை நான்தான் நீக்கினேன். மேடையில் ஏறிய பின்னர்தான், கூத்தர் மூச்சு வாங்குவதும், அடுத்த அடியை நினைவுபடுத்திக்கொள்வதும், ஆட்டத்துக்குக் கால் மாற்றுவதும் அந்த இடைவெளியில்தான் என்பது புரிந்தது. கண்ணகியாக ஆடிய பிள்ளை வழக்குரைக்கு வருவதற்குள் மூச்சிரைத்துப் பாட முடியாமல் நின்றுவிட்டாள். நடுவர்கள் மணி அடித்தார்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. நியாயம் அவள் பக்கமே இருந்தது. ஆகவே பாத்திரங்கள் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டுகளில் ஒன்றிரண்டைக் குறையுங்கள், கிளைக்கதைகளை விடுங்கள், பிற்பாட்டில் மட்டும் கைவைக்காதீர்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான கட்டுப்பாடு 2007 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவை ஒட்டியது. உங்கள் ஊர்ப் பொலிஸார் தாமாக ஏற்படுத்தியதல்ல. எனவே அவர்களோடு வாதாடிப் பயனில்லை. ஒலிபெருக்கிக்கான விண்ணப்பத்தை நேரத்தோடு கொடுங்கள். மன்றத்தைப் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் பதிவு செய்வதும் நல்லது, ஏனெனில் கலைஞர்களுக்கான விருதுகளுக்கு விண்ணப்பம் கோரும்போது உங்கள் அண்ணாவியாரின் பெயரை அனுப்புவதற்கு அது உதவும். இந்த வயதில் அவரே படிவம் நிரப்பிக்கொண்டு அலைய முடியாது.

கிளிநொச்சி அக்கா எழுதியது:

அந்த இரண்டு தங்கைமாரைப் பற்றி எவரும் பேசாததால் எழுதுகிறேன். நான் எங்கள் மன்றத்தில் பத்து ஆண்டுகளாக நடிக்கிறேன். வீட்டார் அஞ்சுவது நடிப்புக்கு அல்ல. இரவு ஒன்பது மணிக்குக் காட்டுப் பாதையால் பிள்ளை எப்படித் திரும்பி வருவாள் என்பதற்குத்தான். எங்கள் பாதையில் யானை நின்று, ஒரு நாள் அனைவரும் வாசிகசாலையிலேயே பத்தரை மணி வரை முடங்கிக் கிடந்தோம். அதற்குப் பிறகு பழக்கத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றினோம், ஆறரைக்கு முடித்துவிடுவோம். வயலுக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அவர்களுக்கென்று ஒதுக்கியதும் அடங்கிவிட்டார்கள்.

தாய்மாரையும் வரச் சொல்லுங்கள். வந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. எங்களுடைய உடுப்புகள் அனைத்தும், பழைய சேலைக் கரையும் சரிகையும் வைத்து, அப்படி வந்திருந்த நான்கு அம்மாமாரின் கையால் தைக்கப்பட்டவை. ஒருவர் தம் மகளின் வேடத்துக்குரிய பாட்டை மகளுக்கு முன்பே மனப்பாடம் செய்துவிட்டார். மகள் காய்ச்சலில் படுத்த வாரத்தில் அவர்தான் பழக்கத்தில் நின்று பாடினார்.

ஒரு சிறிய எச்சரிக்கை. நாங்கள் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் கதையை நாடகமாக எடுத்தபோது, அவன் 1803 ஒக்ரோபர் 31 அன்று கற்சிலைமடுவில் வீழ்ந்து இறப்பதாக முடித்திருந்தோம். சபையிலிருந்த ஒரு முதியவர் எழுந்து, அங்கே நடப்பட்ட கல்லில் தோற்கடிக்கப்பட்டான் என்றுதானே இருந்தது, இறந்தான் என்று எவர் உங்களுக்குச் சொன்னார்கள் என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. சொந்த ஊர்க் கதையை எடுத்தால் சபையில் உள்ள ஒவ்வொருவரும் நடுவர்தான். அந்த வகையில் காத்தவராயன் உங்களுக்குப் பாதுகாப்பானவர்.

குளக்கட்டு மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மன்றக் கூட்டத்தில் இவற்றை உரக்க வாசித்தேன். பிற்பாட்டுக்கார ஐயாவின் யோசனையைக் கேட்டதும் அண்ணாவியார் சிரித்துவிட்டார். ஒலிவாங்கி வந்த பிறகுதான் பெடியளுக்குத் தொண்டை சுருங்கியது என்றார். வைகாசிப் பொங்கலுக்குப் பத்து மணி வரை ஒலிபெருக்கியோடும், அதன் பின் கோயில் முற்றத்தில் சுற்றிவர இருந்து வெறும் குரலிலும் ஆடுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். இளைஞர்கள் கேட்ட சுருங்கிய வடிவத்தை ஆடி மாதத்தில் தனியாகப் பழகி, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு பாடசாலையில் ஆடிப் பார்ப்போம். பழக்கம் இன்று முதல் நான்கு மணிக்கு. தங்கைமார் இருவரும் வந்தார்கள், ஒருவருடைய அம்மம்மாவும் வந்தார். அண்ணாவியாருக்கு வராமல் நின்ற அந்த இரண்டு தருக்களில் ஒன்றை அந்த அம்மம்மா இருந்த இடத்திலிருந்தே பாடிக் காட்டினார். மற்றதை இன்னும் தேடுகிறோம்.

இன்னொரு உதவியும் வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்திருக்கும் பழைய ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் ஒலிப்பதில்லை, துருத்தியிலும் காற்று ஒழுகுகிறது. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஆர்மோனியம் திருத்துபவர்கள் இருக்கும் இடம் எவருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். வெள்ளுடுப்புக்கு (அரங்கேற்றத்துக்கு முந்திய ஒத்திகைக்கு) இன்னும் ஐந்து வாரங்கள்தான் இருக்கின்றன.